செவலையின் பதினெட்டு நகங்கள்

வெள்ளிக்கிழமை நகம் வெட்டக்கூடாது என்று அம்மா சொன்னது எனக்கல்ல, நாய்க்கு. செவ்வாயும் ஆகாதாம். விளக்கு வைத்த பிறகு எந்தக் கிழமையும் ஆகாது. "நாய்க்கு ஏதும்மா கிழமை?" என்று கேட்டேன். "நகம் விழுறது இந்த வீட்டுலதானே?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் எங்கள் செவலையின் நகப் பிரச்சினை ஒரு வழிக்கு வந்ததில் அந்த இரண்டு விடுமுறை நாட்களுக்கும் பங்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

செவலை நாட்டு நாய். மதுரையில் எங்கள் தெருமுனை மாவு மில்லுக்குப் பின்னால் மழையில் நனைந்துகொண்டிருந்த மூன்று மாதக் குட்டியை நான்தான் தூக்கி வந்தேன். உடம்பெல்லாம் செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று பாதி மடிந்திருக்கும். நகங்கள் மட்டும் கரிக்கட்டை மாதிரி கருப்பு. சுபாவத்தில் பயந்தவள். குக்கர் விசில் அடித்தால் பின்கட்டுக்கு ஓடுவாள். குடை விரித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள்.

இரண்டு வயது வரை அவளுடைய நகத்தைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை. தெரு நாய்களுக்கு யார் நகம் வெட்டுகிறார்கள்? அவை நாள் முழுக்கத் தார்ரோட்டிலும் கல்லிலும் ஓடுகின்றன, மண்ணைப் பறிக்கின்றன, நகம் தானாகத் தேய்ந்துவிடுகிறது. செவலையைத் தெருவிலிருந்து எடுத்து வழவழப்பான டைல்ஸ் தரையில் விட்டது நாங்கள். காலையும் மாலையும் இருபது நிமிடம் நடைக்குக் கூட்டிப் போனால் போதும் என்று நினைத்ததும் நாங்கள். அவள் கூடத்தில் நடந்தால் டக் டக் என்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. "கொலுசு போட்ட மாதிரி நடக்குறா பாரு" என்று அம்மா ரசித்தாள். நானும் ரசித்தேன். நிற்கும்போது நகம் தரையில் இடிக்கிறது என்பதுதான் அந்தக் கொலுசுச் சத்தத்தின் பொருள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. நகம் தரையில் இடித்தால் விரல் மேல்நோக்கித் தள்ளப்படும். அதைத் தவிர்க்க நாய் பாரத்தைப் பின்னால் போட்டு நிற்கும், நடை மாறும். வழுக்குகிற தரையில் திரும்பும்போது கால் சறுக்கும். செவலை சமையலறைத் திருப்பத்தில் சறுக்கி விழுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அப்புறம் வந்தது அந்த ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை.

புதிதாக ஒரு நகவெட்டி வாங்கியிருந்தேன். ஓட்டைக்குள் நகத்தை விட்டு அழுத்தினால் ஒரு தகடு வந்து வெட்டுகிற வகை. தம்பி முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டான், அவனுடைய நண்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான், நான் வெட்டுகிறவன். "ஒரே அமுக்கா அமுக்கி இன்னிக்கே முடிச்சிருவோம்" என்று சொன்னது நான்தான். ஆறு நகம் வரை போனது. அவள் அசையாமல் கிடந்தாள். பழகிவிட்டாள் என்று நினைத்தேன். பயத்தில் உறைந்து போயிருக்கிறாள் என்பதை அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஏழாவது, இடது முன்னங்காலின் உள்பக்கம் சற்று மேலே இருக்கும் கட்டைவிரல் நகம். அது தரையில் படாது, அதனால் தேயவும் தேயாது. விட்டால் வளைந்து சதைக்குள்ளேயே குத்தும். கொஞ்சம் தாராளமாகவே வெட்டிவிட்டேன்.

அவள் கத்தின கத்தலை இன்னும் மறக்கவில்லை. தம்பியின் முகத்துக்கு நேராகப் பல் வந்தது, நல்லவேளை படவில்லை. மூன்று பேரையும் உதறிவிட்டு வீடு முழுக்க ஓடினாள். வெள்ளை டைல்ஸில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், கோலம் போடப் புள்ளி வைத்த மாதிரி. அம்மா மஞ்சள்தூளோடு ஓடிவந்தாள். பக்கத்து வீட்டு அக்கா காப்பித்தூள் என்றார். கடைசியில் கட்டிலுக்கு அடியிலேயே படுத்து, ஒரு துணியால் நகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். நின்றது. நகவெட்டியை மேசை டிராயரில் போட்டேன். அதற்குப் பிறகு டிராயரைத் திறக்கிற சத்தம் கேட்டாலே அவள் ஒளிந்தாள். உள்ளே இருந்தது பேனாவும் மின்கட்டண ரசீதும்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

நாயின் நகம் நம் நகம் மாதிரி தகடு அல்ல. கூம்பு. அதன் நடுவில் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகிற சதை இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை க்விக் என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு வேகம் என்பது பின்னால் வந்த பொருள், பழைய பொருள் உயிருள்ளது என்பது. நான் அதை உயிர்ச்சதை என்று சொல்கிறேன். வெள்ளை நகமுள்ள நாய்க்கு இந்த உயிர்ச்சதை வெளியிலிருந்தே இளஞ்சிவப்பாகத் தெரியும், அதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினால் போதும். கருப்பு நகத்தில் ஒன்றும் தெரியாது. அதனால் மெல்லிய சீவலாக, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நுனியை மட்டும் சீவ வேண்டும். சீவினதும் வெட்டுமுகத்தைப் பார்க்க வேண்டும். உலர்ந்த சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் இன்னும் இடம் இருக்கிறது. நடுவில் ஈரப்பசையோடு ஒரு கரும்புள்ளி தென்பட ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். நான் அன்று வெட்டுமுகம் என்ற ஒன்றைப் பார்க்கவே இல்லை. ஒரே அமுக்கு.

நகம் நீளமாக வளர்ந்தால் உயிர்ச்சதையும் கூடவே நீண்டுவிடும். அப்போது ஒரே நாளில் குட்டையாக்கவே முடியாது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக நுனியைச் சீவிக்கொண்டே வந்தால் உயிர்ச்சதை மெல்ல உள்வாங்கும். ஆக, கத்தி எவ்வளவு கூர் என்பதைவிட எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதுதான் இதில் முக்கியம்.

அடுத்த வாரம் காயத்தைக் காட்டக் கால்நடை மருத்துவரிடம் போனேன். கதையெல்லாம் கேட்டுவிட்டு, "எல்லாத்தையும் ஒரே நாள்ல வெட்டணும்னு உங்களுக்கு என்ன அவசரம்?" என்று கேட்டார். உண்மையில் எனக்கு ஒரு அவசரமும் இல்லை. "மொத்தம் எத்தனை நகம்?" என்றார். இருபது என்றேன். எண்ணச் சொன்னார். முன்னங்கால்களில் ஐந்தைந்து, பின்னங்கால்களில் நாலு நாலு. பதினெட்டு. சில நாய்களுக்குப் பின்னங்காலிலும் கட்டைவிரல் நகம் இருக்கும், செவலைக்கு இல்லை. "ஒரு நாளைக்கு ஒண்ணு. பாரதப் போரே பதினெட்டு நாள்தான் சார்" என்று சிரித்தார். "ஆனா அதுக்கு முன்னாடி ஒரு மாசம் வெட்டவே வெட்டாதீங்க."

வெட்டாமல் ஒரு மாதம் என்ன செய்வது? கோழி வேகவைப்பது. உப்பு, வெங்காயம் எதுவும் போடாமல் நெஞ்சுக்கறியை வேகவைத்து, சுண்டல் அளவுக்கு நறுக்கி, ஒரு எவர்சில்வர் டம்ளரில் எடுத்து வைத்துக்கொள்வேன். (வெங்காயம் நாய்க்கு ஆகாது. திராட்சையும் சாக்லேட்டும் கூடத்தான்.) இதிலும் முதல் வாரம் ஒரு தவறு செய்தேன். கோழியைக் காட்டி அவளை வரவைத்து, தின்றுகொண்டிருக்கும்போதே நகவெட்டியை எடுத்துக் காட்டினேன். நான்காம் நாள் கோழி வாசனை வந்ததுமே அவள் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நகவெட்டியை அவளுக்குப் பிடிக்க வைப்பதாக நினைத்துக்கொண்டு கோழியை அவளுக்குப் பிடிக்காமல் செய்துவிட்டேன்.

வரிசை மாறிவிட்டது, அவ்வளவுதான். ரஷ்யாவின் பாவ்லோவ் நூறு வருடத்துக்கு முன்பே நாய்களை வைத்துச் சொன்ன விஷயம். 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆராய்ச்சிக்கு, ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது மணிச் சத்தத்துக்கு எச்சில் ஊறிய நாய்களுக்காக. மணி முதலில், சாப்பாடு பிறகு. மணி சாப்பாட்டின் முன்னறிவிப்பாக மாற வேண்டும். நான் சாப்பாட்டை நகவெட்டியின் முன்னறிவிப்பாக மாற்றியிருந்தேன். அன்றிலிருந்து டம்ளர் என் முதுகுக்குப் பின்னால் போனது. முதலில் தோளில் ஒரு தொடல். பிறகு ஒரு துண்டு. தொடல், துண்டு. கையை எடுத்தால் கோழியும் நின்றுவிடும். நாலைந்து நாளில், தோளைத் தொட்டால் என் முகத்தைப் பார்த்துத் துண்டு எங்கே என்று தேட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகுதான் கை முழங்காலுக்கு இறங்கியது. பிறகு பாதத்துக்கு. பிறகு ஒரு விரலை லேசாக அழுத்துவது. ஒரு தடவைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் போனதில்லை.

நகவெட்டியையும் இதே மாதிரிதான். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கத்தரிக்கோல் மாதிரி இரண்டு பக்கமும் வாய் உள்ள ஒன்றை வாங்கினேன். வெட்டுகிற இடம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது அதில் உள்ள வசதி. முதலில் அது கூடத்தின் மூலையில் சும்மா கிடந்தது. அவள் அதை எட்டிப் பார்த்தால் துண்டு. மோந்தால் துண்டு. பிறகு என் கையில் சும்மா இருந்தது. அதற்குப் பிறகு அந்த 'கிளிக்' சத்தம். வெளிநாட்டுக்காரர்கள் சத்தத்தைப் பழக்க வேகாத ஸ்பகெட்டியை வெட்டிக் காட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் ஏது ஸ்பகெட்டி? தென்னந்துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, அவளுடைய பாதத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக வெட்டினேன். ஏறக்குறைய நகம் வெட்டுகிற அதே சத்தம். ஒரு வாரத்தில் துடைப்பம் பாதியானது. நாய்க்குப் பயம் போகுதோ இல்லையோ, வாசல் கூட்ட எனக்கொரு துடைப்பம் வாங்கிக் கொடு என்றாள் அம்மா.

இந்த ஒரு மாதத்தில் நாய் கற்றுக்கொண்டதைவிட நான் கற்றுக்கொண்டதுதான் அதிகம். உறுமுவதும் கடிக்க வருவதும்தான் பயத்தின் அடையாளம் என்று நினைத்திருந்தேன். அது கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் அவள் எவ்வளவோ சொல்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒன்றும் தின்னாமலே மூக்கை நக்குவாள். தூக்கம் வராதபோது கொட்டாவி விடுவாள். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாக ஓட்டுவாள், விழியின் வெள்ளை பிறை மாதிரித் தெரியும். எல்லாவற்றுக்கும் மேல் அந்த அசையாமை. உடம்பு கட்டையாகி, வாய் மூடி, மூச்சை அடக்கிக்கொள்வது. ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை ஆறு நகம் வரைக்கும் அவள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். மூன்று தடியன்களில் ஒருவனுக்கும் காது கேட்கவில்லை.

இங்கிலாந்தில் இருக்கும் சிராக் படேல் என்ற நாய்ப் பயிற்சியாளர் வாளி விளையாட்டு என்று ஒன்றைப் பிரபலப்படுத்தியிருக்கிறார். தின்பண்டம் உள்ள வாளியை நாய்க்கு முன்னால் வைத்துவிட வேண்டும். நாய் வாளியைப் பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் நாம் வேலையைத் தொடரலாம், நடுநடுவே அதற்கு ஒரு துண்டு. பார்வையை எடுத்துவிட்டால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். நிறுத்தும் உரிமை நாய்க்கு. வாளிக்குப் பதில் எங்களுக்கு அந்த எவர்சில்வர் டம்ளர். டம்ளரை வெறுமனே பார்த்தாலே துண்டு என்பதை முதலில் பழக்கி, பிறகுதான் தொடலைச் சேர்த்தேன். நிறுத்தும் உரிமை கொடுத்தால் எப்போதும் நிறுத்திக்கொண்டே இருப்பாள், வேலை நடக்காது என்றுதான் நினைத்தேன். முதல் இரண்டு நாள் அப்படித்தான் செய்தாள், சோதித்துப் பார்க்கிற மாதிரி. நான் ஒவ்வொரு தடவையும் கையை எடுத்தேன். மூன்றாம் நாளிலிருந்து பார்வையை எடுக்கவே இல்லை. நிறுத்தினால் நிற்கும் என்று தெரிந்துவிட்டால் நிறுத்த வேண்டிய தேவை குறைந்துவிடும் போலிருக்கிறது. ஷேர் ஆட்டோவில் போகிற எல்லாருக்கும் இது தெரிந்திருக்கும்.

முதல் நகம் வெட்டுவதற்குள் தீபாவளி வந்துவிட்டது. மூன்று நாள் வெடிச் சத்தத்தில் செவலை குளியலறையை விட்டு வெளியே வரவில்லை. பண்டிகை முடிந்ததும் தோளைத் தொட்டேன், உதறிக்கொண்டு போனாள். இரண்டு மாத வேலையும் போச்சு என்று வெறுத்துப் போய் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து மறுபடி தோளிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை பத்தே நாளில் பழைய இடத்துக்கு வந்துவிட்டாள். கார்த்திகை நடுவில் ஒரு காலை, நடை முடிந்து களைப்பாக வந்து படுத்திருந்தபோது, வலது பின்னங்காலின் ஒரு நகத்தில் ஒரே ஒரு சீவல். கிளிக். அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் கை நடுங்கியது. இன்னொன்று வெட்டலாம் என்று மனசு அரித்தது பாருங்கள், அதை அடக்குவதுதான் மொத்தத்திலும் கஷ்டமான காரியம். நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மிச்சக் கோழி முழுவதையும் கொட்டிக் கொடுத்துவிட்டு எழுந்து போனேன்.

பிடிக்கிற விதத்திலும் ஒன்று இருக்கிறது. நாயின் முன்னங்கால் முன்னும் பின்னும் மடங்குவதற்கென்று அமைந்தது. நம் வசதிக்காக அதைப் பக்கவாட்டில் இழுத்தால் தோளில் வலிக்கும். வயதான, மூட்டுவலி உள்ள நாய்க்கு இன்னும் மோசம். நாய் பயப்படுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், உண்மையில் வலியாக இருக்கும். மாட்டுக்கும் குதிரைக்கும் லாடம் அடிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நிற்கிற குதிரையின் காலைப் பின்பக்கமாக மடக்கி, குளம்பின் அடிப்பக்கம் மேலே தெரியும்படி பிடிப்பார்கள். செவலைக்கும் அதுதான் சரிப்பட்டது. நின்றபடியே இருப்பாள், கால் பின்னால் மடங்கியிருக்கும், தாழ்வாகப் பிடித்திருப்பேன். நகத்தின் அடிப்பக்கமும் நன்றாகத் தெரியும். விரலைக் கிள்ளிப் பிடிக்கக்கூடாது, விரலடி மெத்தையை லேசாக அழுத்தினாலே நகம் முன்னுக்கு வரும். வழுக்காமல் இருக்கக் காலுக்கடியில் ஒரு கோணிச்சாக்கு.

மனிதர்களுக்கான நகவெட்டியால் வெட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சின்னக் குட்டியின் மெல்லிய நகத்துக்குச் சரி. பெரிய நாயின் கூம்பு நகத்தை அது இரண்டு பக்கமும் நசுக்கிப் பிளந்துவிடும். மின்சாரத்தில் சுழன்று தேய்க்கிற கருவியும் கிடைக்கிறது. கருப்பு நகத்துக்கு நல்லதுதான், ஆனால் ஒரே இடத்தில் வைத்திருந்தால் சூடாகும், இரைச்சலும் அதிர்வும் உண்டு. குக்கர் விசிலுக்கே ஓடுகிறவளிடம் அதை எடுத்துப்போக எனக்குத் தைரியம் வரவில்லை.

அதைவிட மலிவாக ஒன்று எங்களுக்குக் கைகொடுத்தது. ஹார்டுவேர் கடையில் 80ஆம் நம்பர் உப்புத்தாள் வாங்கி, ஒரு முழ நீள பிளைவுட் பலகையில் ஃபெவிகால் போட்டு ஒட்டினேன். பலகையைச் சாய்த்துப் பிடித்து, பின்னால் ஒரு கோழித்துண்டை மறைத்து வைத்தால் அவள் பறிப்பாள். பறிக்கப் பறிக்க முன்னங்கால் நகங்கள் தானாகத் தேயும். அவளாகவே செய்கிற வேலை என்பதால் பயம் கிடையாது, சொல்லப்போனால் இப்போது பலகையை எடுத்தாலே குதிக்கிறாள். ஒரு தடவைக்கு ஏழெட்டுப் பறிப்போடு நிறுத்திவிட வேண்டும், அதிகமானால் விரலடித் தோலும் உரசிப் புண்ணாகும். கட்டைவிரல் நகம் இதில் படாது என்பது ஒன்றுதான் குறை.

ரத்தம் வந்தால் என்ன செய்வது என்பதை இப்போது தெரிந்து வைத்திருக்கிறேன். ரத்தம் நிறுத்தும் பொடி செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும், கொஞ்சம் எரியும். இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை சோளமாவை நகத்தின் மேல் வைத்து இரண்டு மூன்று நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நடுநடுவே நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்க்கக்கூடாது. கால் மணி நேரம் ஆகியும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போய்விட வேண்டும். உண்மையிலேயே கடிக்க வருகிற நாயென்றால் இந்த டம்ளர் வித்தையெல்லாம் தனியாகச் செய்யாதீர்கள். மூச்சு வாங்க வசதியான கூடை மாதிரி வாய்மூடி இருக்கிறது, அதையும் இதே பொறுமையோடு பழக்க வேண்டும். பயத்தைத் தணிக்க முன்கூட்டியே கொடுக்கும் மாத்திரைகளும் மருத்துவர்களிடம் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாமாக வீட்டிலிருக்கும் வலி மாத்திரையைக் கொடுத்துவிடக்கூடாது. ஐபுப்ரோஃபென் எல்லாம் நாய்க்கு விஷம்.

இப்போது கிழமைக் கணக்குக்கு வருகிறேன். செவ்வாய், வெள்ளி போக வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து நகம். பதினெட்டையும் முடிக்க மூன்றரை வாரம் ஆகிறது. முடிக்கும்போது முதல் நகம் மறுபடி சீவுகிற அளவுக்கு வளர்ந்திருக்கும். ஆகவே முடிவது என்று ஒன்று இல்லை, கோயில் தேர் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கிறது. விடுமுறை நாட்களில் நகவெட்டியை எடுப்பேன், பாதத்தைத் தொடுவேன், கோழி கொடுப்பேன், ஆனால் வெட்ட மாட்டேன். நகவெட்டி வந்தாலே வெட்டு என்று இல்லை என்பது அவளுக்கு இப்படித்தான் புரிந்தது என்று நினைக்கிறேன். மருத்துவரிடம் சொன்னபோது, அம்மாவை நல்ல பயிற்சியாளர் என்றார். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் வேறு கிழமைகளும் சேர்ந்துவிடும்.

கூடத்தில் இப்போது கொலுசுச் சத்தம் இல்லை. ஆனால் பதினெட்டு என்று நான் சொல்வதில் ஒரு பொய் இருக்கிறது. என்னிடம் அவள் கொடுப்பது பதினேழுதான். இடது முன்னங்காலின் கட்டைவிரல் நகம், அந்த ஏழாவது, இன்றைக்கும் எனக்குக் கிடையாது. அந்தக் காலை எடுக்கப் போனாலே டம்ளரிலிருந்து பார்வை போய்விடும், நானும் கையை எடுத்துவிடுவேன். ஒன்றரை வருடமாக இப்படித்தான். ஆனாலும் அந்த நகம் வளைந்து சதையில் குத்தவில்லை. அளவாகவே இருந்தது. எப்படி என்று ரொம்ப நாள் எனக்குப் பிடிபடவில்லை.

போன மாதம் வேலை முடிந்து சீக்கிரம் வந்தேன். இரவு எட்டு மணி, டிவியில் சீரியல். அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். செவலை அவள் மடியில் தலைவைத்துப் பாதிக் கண் மூடிக் கிடந்தாள். இடது பாதம் அம்மாவின் உள்ளங்கையில் இருந்தது. அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பலகையில் ஒட்டியது போக மிச்சமிருந்த உப்புத்தாளில் ஒரு துண்டை வைத்து அந்தக் கட்டைவிரல் நகத்தைப் பைய தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிண்ணத்தில் தயிர்சாதம். சுவாமி அலமாரியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்று வெள்ளிக்கிழமையும்கூட.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"தேய்க்கிறதுக்கெல்லாம் அந்தக் கணக்கு இல்லடா" என்றாள்.